சின்ன விமானத்துக்கு எதற்கு அவ்வளவு நீளக் கால்?

அலாஸ்காவில் ஓர் ஆற்றுச் சரளைத் திட்டில் நிற்கும் சூப்பர் கப் விமானத்தின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கும், வால் தரையோடு ஒட்டிக் கிடக்கும். முன்னால் இரண்டு பெரிய டயர்கள், பாதிக் காற்று இறங்கியவை மாதிரி பொதபொதவென்று. டயர்களுக்கும் விமானத்தின் வயிற்றுக்கும் நடுவே உள்ள கால்களோ, இந்த உடம்புக்கு இவ்வளவு நீளமா என்று கேட்க வைக்கும்.

எதற்கு அந்த நீளம் என்று கேட்டால், கல்லும் கட்டையும் இடிக்காமல் இருக்கத்தான் என்று பெரும்பாலும் பதில் வரும். தப்பில்லை, ஆனால் அது பாதிப் பதில்தான். அந்தக் கால்கள் தரைக்காக நீண்டதைவிட இறக்கைக்காக நீண்டதுதான் அதிகம். விமானத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் இது புரியக்கூடிய விஷயம். புரிந்தபின் அந்தப் படத்தை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

முதலில், எங்கே இறங்குகிறார்கள் என்பதைப் பார்த்துவிடலாம். அலாஸ்காவின் பெரும்பாலான ஊர்களுக்குச் சாலை கிடையாது. அங்குள்ள ராங்கல் செயின்ட் எலையஸ் தேசியப் பூங்காவின் பரப்பு 1 கோடியே 32 லட்சம் ஏக்கர். அதற்குள் போகும் சாலைகள் இரண்டே இரண்டு, அவையும் பெரும்பாலும் சரளைச் சாலைகள். மற்ற இடங்களுக்கு நடந்து போக வேண்டும், இல்லையென்றால் பறந்து போய் ஆற்று நடுவே ஒதுங்கிய கூழாங்கல் திட்டிலோ, மலை முகட்டிலோ, பனிப்பாளத்திலோ இறங்க வேண்டும். ஓடுதளம் என்று யாரும் போட்டு வைத்ததில்லை. இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகும் சிறு விமானங்களைத்தான் புஷ் பிளேன் என்கிறார்கள். அவற்றில் மிகவும் பேர் பெற்றது பைப்பர் சூப்பர் கப். 1949-இல் வந்தது. எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய உடம்பு, ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் உட்கார இடம், பின்னாளில் வந்தவற்றில் 150 குதிரைத்திறன் எஞ்சின். எல்லாச் சுமையும் ஏற்றினாலும் 800 கிலோவைத் தாண்டாது.

நாம் விமான நிலையத்தில் பார்க்கும் விமானங்களுக்கு மூக்கின் கீழே ஒரு சக்கரம் இருக்கும். சூப்பர் கப்புக்கு அது கிடையாது. முன்பக்கம் இரண்டு பெரிய சக்கரங்கள், வாலடியில் ஒரு குட்டிச் சக்கரம், அவ்வளவுதான். அதனால்தான் நிற்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இந்தச் சாய்வை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

வேகத்தின் இருமடிக் கணக்கு

குறுகிய இடத்தில் இறங்குவது என்றால் நமக்குத் தோன்றுவது பிரேக். நல்ல பிரேக் இருந்தால் சீக்கிரம் நின்றுவிடலாம் அல்லவா? ஆனால் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. ஒரு வண்டி நிற்க எடுக்கும் தூரம் அதன் வேகத்தைப் பொறுத்தது மட்டுமல்ல, வேகத்தின் இருமடியை, அதாவது வேகத்தை வேகத்தாலேயே பெருக்கிய தொகையைப் பொறுத்தது. வேகம் பாதியானால் தூரம் கால்வாசியாகிவிடும். பிரேக்கை இரண்டு மடங்கு வலுவாக்கினாலும் தூரம் பாதிதான் குறையும். ஆக, தரையைத் தொடும்போதே மெதுவாக இருப்பதுதான் எல்லாவற்றையும்விட லாபம்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு சிறு விமானம் மணிக்கு 70 கிலோமீட்டரில் தரையைத் தொடுகிறது, புவியீர்ப்பு முடுக்கத்தில் கால்வாசி அளவுக்குச் சீராக வேகம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நிற்க 77 மீட்டர் ஆகும். இப்போது எதிரே மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று வீசுகிறது. விமானத்தைத் தாங்குவது காற்றுக்கும் இறக்கைக்கும் இடையே உள்ள வேகம். அது அதே 70தான். ஆனால் தரையைப் பொறுத்தவரை விமானம் 50-இல்தான் போகிறது. இப்போது 39 மீட்டரில் நின்றுவிடும். விமானத்தில் ஒரு திருகைக்கூட மாற்றவில்லை, தூரம் பாதியாகிவிட்டது. காற்றை எதிர்த்து இறங்கு என்பதுதான் எந்த விமானிக்கும் முதல் பாடம். இந்த எண்களைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

காற்று நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது அந்த 70-ஐக் குறைப்பது. விமானம் இன்னும் மெதுவாகப் பறக்க வேண்டும், அதே நேரம் விழாமலும் இருக்க வேண்டும். இங்கேதான் இறக்கையின் சாய்வு கதைக்குள் வருகிறது.

அட்டையும் காற்றும்

பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து ஒரு பெரிய தெர்மோகோல் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறீர்களா? அட்டையைத் தரைக்கு இணையாகப் படுக்கவைத்துப் பிடித்தால் சும்மா இருக்கும். முன்விளிம்பைக் கொஞ்சம் தூக்கினால் போதும், அட்டை கையைவிட்டு மேலே போகப் பார்க்கும். இன்னும் கொஞ்சம் தூக்கினால் இழுப்பு கூடும். மிகவும் தூக்கினால் மேலே போகாது, பின்பக்கமாக அடித்துத் தள்ளும்.

இறக்கையும் அப்படித்தான். எதிரே வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையே உள்ள சாய்வைத் தாக்குகோணம் என்கிறோம். கோணம் கூடக் கூடத் தூக்குவிசை கூடும். ஒரு சாதாரண இறக்கையில் 15, 16 டிகிரி வரை இது நடக்கும். அதைத் தாண்டினால் மேற்பரப்பில் தவழ்ந்து போய்க்கொண்டிருந்த காற்று ஒட்டாமல் பிய்த்துக்கொண்டு போய்விடும், தூக்குவிசை சரிந்துவிடும். இதற்குப் பேர் ஸ்டால். எஞ்சின் நின்றுபோவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறக்கை ஸ்டால் ஆகலாம்.

மெதுவாகப் பறக்க வேண்டும் என்றால் கோணத்தைக் கூட்ட வேண்டும். வேகம் குறைந்தால் தூக்குவிசை குறையும். அந்தக் குறையைக் கோணம் ஈடுகட்டும். ஒரு விமானம் எவ்வளவு மெதுவாகப் பறக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அதன் இறக்கை ஸ்டால் ஆகாமல் எவ்வளவு சாயலாம் என்பதுதான். ஃபிளாப் என்னும் பின்விளிம்பு மடலை இறக்கினால் இறக்கையின் வளைவு கூடி, அதே கோணத்தில் கூடுதல் தூக்குவிசை கிடைக்கும். அது வேறு ஓர் உதவி, இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும்.

வால் முந்திக்கொள்ளும் சிக்கல்

இனி கால்களுக்கு வருவோம். இறக்கைக்கு 16 டிகிரி வரை தாங்கும் சக்தி இருக்கிறது. ஆனால் விமானம் தரையில் மூன்று சக்கரமும் பதிய நிற்கும்போது இறக்கையின் சாய்வு 12 டிகிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானி தரைக்கு ஓர் அடி மேலே வந்துவிட்டார். மிக மெதுவாகத் தொட வேண்டும் என்று மூக்கைத் தூக்குகிறார். 12 டிகிரியில் மூன்று சக்கரமும் தரைக்குச் சம உயரத்தில் இருக்கும். அதற்கு மேலும் தூக்கினால்? வால்சக்கரம் முன்சக்கரங்களைவிடத் தாழ்ந்துவிடும். அதுதான் முதலில் தரையை அடிக்கும். அடித்த வேகத்தில் மூக்கு கீழே குத்தும், முன்சக்கரங்கள் படாரென்று தரையில் மோதும். லேசாக வால் முந்துவதை அனுபவமுள்ள விமானிகள் சமாளிப்பார்கள். ஆனால் 4 டிகிரி முந்தினால் அது இறக்கம் அல்ல, அடி.

ஆக, இறக்கையிடம் 16 இருந்தும் 12-ஐத்தான் பயன்படுத்த முடிகிறது. மீதி 4 டிகிரி கிடைக்காமல் போவதற்குக் காரணம் இறக்கை அல்ல. கால் குட்டையாக இருப்பதுதான்.

காலை நீட்டினால் என்ன ஆகும்? முன்சக்கரத்துக்கும் வால்சக்கரத்துக்கும் இடையே சுமார் 16 அடி, அதாவது 192 அங்குலம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். முன்னங்காலை 6 அங்குலம் உயர்த்தினால் விமானம் கூடுதலாக 1.8 டிகிரி நிமிரும். சூப்பர் கப்புக்கு 3 அங்குலம், 6 அங்குலம் நீட்டிய கால்கள் விற்பனைக்கே கிடைக்கின்றன. டயரும் இதில் சேர்த்தி. பழைய டயர் சுமார் 18 அங்குல விட்டம். அலாஸ்கன் புஷ்வீல் என்னும் பெரிய டயர் 31 அங்குலம். டயரை மாற்றியதிலேயே அச்சு ஆறரை அங்குலம் உயர்ந்துவிடுகிறது. டயர் நசுங்குவதைக் கழித்தாலும் இன்னொரு ஒன்றரை டிகிரிக்கு மேல் கிடைக்கும். இரண்டையும் சேர்த்தால் விட்டுப்போன 4 டிகிரியில் பெரும்பகுதி திரும்பக் கையில் வந்துவிடும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வாலிலும் பெரிய சக்கரம் போடுகிறார்கள், கற்களில் சிக்காமல் இருக்க. அது தேவைதான். ஆனால் வால் உயர்ந்தால் சாய்வு குறையும். முன்னால் சம்பாதித்ததில் கொஞ்சத்தைப் பின்னால் செலவழிக்கிறோம்.

சரி, இந்தச் சில டிகிரியால் எவ்வளவு லாபம்? நேர்மையாகச் சொன்னால், தனியாகப் பார்த்தால் கொஞ்சம்தான். தூக்குவிசை எட்டில் ஒரு பங்கு கூடினால் 70 என்ற வேகம் 66 ஆகும். தூரம் 77-இலிருந்து 69 மீட்டராகும். ஆனால் அதே 20 கிலோமீட்டர் எதிர்காற்றில் பாருங்கள்: 39 மீட்டர் 33 ஆகிறது. மெதுவாகப் போகப் போக, மிச்சப்படுத்தும் ஒவ்வொரு கிலோமீட்டரும் மொத்தத் தூரத்தில் இன்னும் பெரிய பங்கைக் குறைக்கிறது. 39 மீட்டரே இருக்கும் ஒரு திட்டில் அந்த 6 மீட்டர் என்பது, கடைசியில் நிற்கும் இடம் சரளையா தண்ணீரா என்ற வித்தியாசம்.

நாரையின் பெயர் வாங்கிய விமானம்

நீளக் காலின் முழுப் பயனையும் பார்க்க வேண்டுமானால் அலாஸ்காவை விட்டுவிட்டு 1930-களின் ஜெர்மனிக்குப் போக வேண்டும். ஃபீஸ்லர் ஷ்டோர்க் என்ற விமானம் 1936-இல் முதன்முதலில் பறந்தது. ஷ்டோர்க் என்றால் ஜெர்மன் மொழியில் நாரை. பறக்கும்போது அதன் நீண்ட கால்கள் கீழே தொங்கும், பார்க்க நாரை மாதிரியே இருக்கும்.

அதன் இறக்கையின் முன்விளிம்பு நெடுக, ஒரு சிறு இடைவெளி விட்டு, மெல்லிய பட்டை ஒன்று நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும். இதை ஸ்லாட் என்பார்கள். கீழே உள்ள காற்றில் கொஞ்சம் அந்த இடுக்கு வழியாக மேலே பாய்ந்து, மேற்பரப்பைவிட்டுப் பிரியப் பார்க்கும் காற்றை மறுபடி ஒட்டவைக்கும். அதனால் ஸ்டால் தள்ளிப்போகும்; இறக்கை 25 டிகிரி அளவுக்குக்கூடச் சாய்ந்து வேலை செய்யும். விமானம் மணிக்கு 50 கிலோமீட்டர் அளவு வேகத்திலேயே காற்றில் நிற்கும்.

இப்போது யோசியுங்கள். 25 டிகிரி சாயக்கூடிய இறக்கையைக் குட்டைக்கால் விமானத்தில் மாட்டினால் என்ன பிரயோஜனம்? பறக்கும்போது மெதுவாகப் பறக்கலாம், ஆனால் தரையைத் தொடும் நேரத்தில் வால் இடிக்கும் என்று மூக்கை இறக்கியாக வேண்டும், இறக்கினால் வேகம் வேண்டும். ஸ்லாட்டுக்குக் கொடுத்த காசு தரையில் பிரயோஜனப்படாது. ஷ்டோர்க்கை வடிவமைத்தவர்கள் இறக்கையையும் காலையும் ஒரே பொருளாக நினைத்தார்கள் என்பதே என் கணிப்பு. இன்றும் ஸ்லாட் வைத்த சிறு விமானம் எதைப் பார்த்தாலும் அதன் காலைப் பாருங்கள். பெரும்பாலும் உயரமாகத்தான் இருக்கும்.

நம் கணக்கையே தொடர்ந்தால்: 50 கிலோமீட்டரில் தொடும் விமானம், 20 கிலோமீட்டர் எதிர்காற்று. தரையைப் பொறுத்து 30தான். 14 மீட்டரில் நின்றுவிடும். ஒரு பேருந்தின் நீளத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 1943 செப்டம்பர் 12 அன்று இத்தாலியின் கிரான் சாசோ மலைமேல் காவலில் இருந்த முசோலினியைத் தூக்கிப்போக ஜெர்மானியர்கள் அனுப்பியது இந்த விமானத்தைத்தான். பாறைகள் சிதறிக் கிடந்த மலைவெளியில் அது இறங்கியது. திரும்பும்போது முசோலினியையும் இன்னொரு பருத்த அதிகாரியையும் சேர்த்து ஏற்றியதால் சுமை மீறி, தட்டுத்தடுமாறித்தான் ஏறியது.

அந்தக் கால்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மெதுவாக இறங்கும் விமானம் தரையை மெத்தென்று தொடும் என்று நினைத்துவிடக் கூடாது. முன்னோக்கிய வேகம் குறைவு, ஆனால் கீழ்நோக்கிய வேகம் அதிகம். கடைசி நொடியில் பொத்தென்று விழுகிற மாதிரித்தான் இருக்கும். கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பிடிப்பீர்கள் அல்லவா, வலிக்காமல் இருக்க? விமானத்தின் காலும் அதையே செய்ய வேண்டும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கீழே வரும் விமானத்தை 10 சென்டிமீட்டர் அமுங்கும் கால் தடுத்தால், அதன்மேல் கூடுதலாக விழும் தாக்கம் அதன் எடையைப்போல் நாலரை மடங்கு. 40 சென்டிமீட்டர் அமுங்கும் கால் தடுத்தால் ஒரு மடங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஷ்டோர்க்கின் கால் சுமார் 40 சென்டிமீட்டர் அமுங்கக்கூடியது. நீளமான கால் இருந்தால்தான் நீளமாக அமுங்க முடியும்.

சூப்பர் கப்பின் பழைய காலில் இதற்கு இருப்பது ரப்பர் கயிற்றுச் சுருள். ரப்பருக்கு ஒரு கெட்ட குணம், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். கனமாக விழுந்தால் அதே வேகத்தில் மேலே எறியும், குறுகிய இடத்தில் ஒரு குதி குதித்தால் பாதி இடம் போய்விட்டது. அதனால் இப்போது பலர் எண்ணெய் அல்லது வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர்களுக்கு மாறிவிட்டார்கள். அவை விழுந்த வேகத்தை வெப்பமாக்கிக் கரைத்துவிடும். நீளக் காலுக்குச் செலவு செய்பவர் முதலில் இதற்குச் செலவு செய்யலாம் என்பேன்.

கல், புரொப்பல்லர், டயர்

கல் இடிக்கக் கூடாது என்ற முதல் பதிலையும் விட்டுவிடக் கூடாது. ஆனால் அங்கும் காரணம் பெரும்பாலும் வயிறு அல்ல, புரொப்பல்லர். 150 குதிரைத்திறன் சூப்பர் கப்பில் வழக்கமான புரொப்பல்லரின் விட்டம் 74 அங்குலம். குறைந்த வேகத்தில் நல்ல இழுவை வேண்டும் என்று 82 அங்குலப் புரொப்பல்லரை மாட்டுகிறார்கள். ஒவ்வோர் அலகும் 4 அங்குலம் கீழே இறங்கிவிடுகிறது. ஓடும்போது வால் எழும்பினால் மூக்கு இன்னும் தாழும். அலகு நுனி சரளைக்கு அருகில் சுழன்றால் கற்களை உறிஞ்சி எடுத்துத் தன்மேலேயே அடித்துக்கொள்ளும். எனவே புரொப்பல்லர் எடுத்துக்கொண்ட 4 அங்குலத்தைக் காலும் டயரும் திருப்பித் தருகின்றன.

டயரில் காற்று குறைவாகத் தெரிவதும் வேண்டுமென்றே செய்ததுதான். கார் டயரில் 30 பி.எஸ்.ஐ. அளவு காற்று அடிக்கிறோம். இதில் 10-க்கும் கீழே. டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். மணலிலும் ஈரச் சரளையிலும் புதையாமல் உருள்வது அதனால்தான். தலை அளவு கல்லின்மேல் ஏறினாலும் டயர் அதை விழுங்கிக்கொண்டு போகும்.

பெரிய டயருக்கு ஒரு விலை உண்டு. பிரேக் பிடிப்பது சக்கரத்தின் நடுவில்; தரையில் அந்தப் பிடி எவ்வளவு இறங்கும் என்பது ஆரத்தைப் பொறுத்தது. ஆரம் 9 அங்குலத்திலிருந்து பதினைந்தரை அங்குலமானால், அதே பிரேக்கின் பிடி தரையில் பாதிக்குச் சற்று மேல்தான் தேறும். ஆகவே டயரை மாற்றினால் பிரேக்கையும் வலுவானதாக மாற்ற வேண்டும்.

வலுவான பிரேக் போட்டாலும் இஷ்டத்துக்கு அழுத்த முடியாது. சைக்கிளில் முன் பிரேக்கை மட்டும் வேகமாக அழுத்தினால் பின்சக்கரம் தூக்கிக்கொள்ளும். இந்த விமானத்திலும் பிரேக் இருப்பது முன்சக்கரங்களில் மட்டும்தான். அழுத்தினால் வால் எழும், மீறி அழுத்தினால் மூக்கு தரையில் குத்தும், புரொப்பல்லர் போய்விடும், சில சமயம் விமானமே தலைகீழாகக் கவிழும். காலை நீட்டினால் விமானத்தின் எடைமையம் உயர்கிறது. உயரமாக வைக்கோல் ஏற்றிய வண்டி எளிதில் சாய்வது போல, நீளக்கால் விமானம் எளிதில் குப்புற விழும். இதற்கு மாற்றாகச் சில கால்களில் சக்கரத்தைச் சற்று முன்னுக்குத் தள்ளி வைக்கிறார்கள். ஆனால் முன்னுக்குத் தள்ளினால் வாலில் பாரம் கூடும், தரையில் ஓடும்போது வால் ஒரு பக்கம் வீசிக்கொண்டு போய் விமானம் சுழலும் ஆபத்து அதிகமாகும். ஒரு பக்கம் சரிசெய்தால் இன்னொரு பக்கம் இழுக்கிறது. காலை மாற்றுவது சட்டகத்தில் விழும் பாரத்தையே மாற்றுகிறது என்பதால்தான், அங்கீகாரம் பெற்ற விமானங்களில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்ற மாற்றங்களை மட்டுமே செய்யலாம்.

முன்னால் பார்ப்பதும் கஷ்டம். மூக்கு நிமிர்ந்திருப்பதால் தரையில் ஓட்டும்போது நேரே எதுவும் தெரியாது. பாம்பு போல இடமும் வலமும் வளைந்து வளைந்து ஓட்டிப் பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

இறங்கும் நேரம்

விமானம் தயார். இனி விமானியின் வேலை.

முதலில் அவர் இறங்கவே மாட்டார். திட்டின்மேல் ஒருமுறை, இருமுறை தாழ்வாகப் பறந்து பார்ப்பார். கற்கள் எவ்வளவு பெரியவை, குறுக்கே பள்ளம் உண்டா, காற்று எந்தப் பக்கம், ஒருவேளை வேண்டாம் என்று தோன்றினால் எப்படி ஏறிப்போவது. தரை கெட்டியா என்று தெரியாவிட்டால் இறங்காமலே சக்கரத்தை மட்டும் லேசாக உரசிக்கொண்டு போய், திரும்பி வந்து தடத்தைப் பார்ப்பவர்களும் உண்டு. தடம் ஆழமாகவோ ஈரமாகவோ இருந்தால் அங்கே இறங்க மாட்டார்கள்.

அப்புறம் அணுகல். பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது ஸ்டால் வேகத்தின் 1.3 மடங்கில் வரச் சொல்லி. குறுகிய இடத்துக்கு வருபவர்கள் அதைவிடவும் மெதுவாக, எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கி, மூக்கைத் தூக்கியபடி வருகிறார்கள். பொங்கல் விளையாட்டுப் போட்டிகளில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் பார்த்திருப்பீர்கள். வேகமாக ஓட்டுவதற்கு ஒன்றும் வேண்டாம், மெதுவாக ஓட்டத்தான் பாடுபட வேண்டும். விமானத்துக்கும் ஓர் எல்லைக்குக் கீழே அதே கதைதான். மெதுவாகப் போகப் போக இறக்கையின் சாய்வால் காற்றின் எதிர்ப்பு கூடி, உயரத்தைக் காப்பாற்ற எஞ்சினின் சக்தி அதிகமாக வேண்டும். அந்த நேரத்தில் எஞ்சின் மக்கர் செய்தால், மூக்கை இறக்கி வேகம் பிடிக்க உயரம் இருக்காது. நீளக் கால் இந்த ஆபத்தை ஒரு துளிகூடக் குறைப்பதில்லை. மாறாக, இன்னும் மெதுவாக வரலாம் என்ற ஆசையைக் கொடுக்கிறது. தாழ்வாக, மெதுவாக, திரும்பும்போது ஸ்டால் ஆனால் மீள வழியே இல்லை. இந்த வகைப் பறத்தலில் உயிரை வாங்குவது பெரும்பாலும் அதுதான், குட்டையான திட்டு அல்ல.

வேகம் அதிகமாக வந்தாலும் பிரச்சினை. 10 சதவீதம் கூடுதல் வேகத்தில் தொட்டால் நிற்கும் தூரம் 21 சதவீதம் கூடும். அதற்கு முன்பே இன்னொன்று நடக்கும்: தரைக்கு மிக அருகே வந்ததும் இறக்கைக்கும் தரைக்கும் நடுவே காற்று மெத்தை போட்டது போல, எதிர்ப்பு குறைந்து விமானம் மிதந்துகொண்டே போகும். தொட வேண்டிய இடம் பின்னால் போய்விடும்.

தொட்ட மறுகணம் விமானி செய்யும் ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். ஃபிளாப் லீவரைச் சட்டென்று கீழே விட்டுவிடுவார். சூப்பர் கப்பில் அது மோட்டார் இல்லாத வெறும் கை லீவர். விட்டவுடன் ஃபிளாப் மடங்கிவிடும். இறக்கையின் தூக்குவிசை பொசுக்கென்று குறைந்து, பாரம் முழுவதும் சக்கரத்துக்கு இறங்கும். சக்கரத்தில் பாரம் இருந்தால்தான் பிரேக் பிடிக்கும். அதுவரை ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்று காத்துச் சேர்த்த தூக்குவிசையை அந்தக் கணத்தில் தூக்கி எறிய வேண்டியிருக்கிறது.

எல்லோரும் மூன்று சக்கரத்தையும் ஒன்றாகப் பதிப்பதில்லை. பாறை நிறைந்த இடத்தில் வால்சக்கரம் உடையும் என்று முன்சக்கரத்தை முதலில் வைத்து, வாலைத் தூக்கியபடியே பிரேக் பிடித்து, நிற்கும்போது மெல்ல இறக்குபவர்கள் நிறைய. முன்னால் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், அது பெரிய லாபம். அவர்களுக்கு நீளக் காலின் சாய்வு அவ்வளவாகப் பயன்படாது; புரொப்பல்லருக்குக் கிடைக்கும் உயரம்தான் முக்கியம். எது சிறந்தது என்று விமானிகளுக்குள் ஓயாத வாதம் உண்டு. இடத்தைப் பார்த்து முடிவு செய்பவர் பக்கம்தான் நான்.

அலாஸ்காவின் வால்டீஸ் நகரில் ஆண்டுதோறும் மே மாதத்தில் குறுந்தூரப் போட்டி நடக்கிறது. தரையில் ஒரு கோடு. கோட்டுக்கு முன்னால் சக்கரம் பட்டால் அந்த முயற்சி செல்லாது. கோட்டைத் தாண்டித் தொட்டு எவ்வளவு சீக்கிரம் நிற்கிறார்கள் என்று அளக்கிறார்கள். நல்ல எதிர்காற்று வாய்த்த நாட்களில் 10 அடி அளவிலேயே நின்ற விமானங்கள் உண்டு. ஆனால் அவை சுமையே இல்லாமல், எடையை எல்லா வகையிலும் குறைத்து, அதற்கென்றே செய்த விமானங்கள். எடை 10 சதவீதம் குறைந்தால் தூரமும் ஏறக்குறைய அவ்வளவே குறையும். மூட்டை முடிச்சோடு, மலைமேல் மெல்லிய காற்றில் இறங்குபவருக்கு அந்த எண்கள் கிடைக்காது. 5,000 அடி உயரத்தில் அதே இறக்கைக்கு சுமார் 8 சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும். தூரம் 16 சதவீதம் நீளும்.

இன்னொன்று: இறங்க முடிந்த இடத்திலிருந்தெல்லாம் ஏற முடியும் என்று கிடையாது. இறங்கும்போது வேகத்தைக் குறைக்க பிரேக்கும் காற்றின் எதிர்ப்பும் உதவும். ஏறும்போது வேகத்தைக் கூட்ட எஞ்சின் மட்டும்தான். நீளக் கால் நிமிர்த்தி வைத்திருக்கும் அதே சாய்வு, ஓடத் தொடங்கும்போது காற்றின் எதிர்ப்பையும் கூட்டுகிறது. வால் தரையில் இருக்கும்போதே விமானம் எழும்பிவிடலாம், ஆனால் எழும்பிய வேகத்தில் அதற்கு ஏறும் தெம்பு இருக்காது. தரையை ஒட்டியே கொஞ்ச தூரம் பறந்து வேகம் சேர்க்க வேண்டும். அதனால்தான் திட்டில் நின்றதும் பல விமானிகள் எஞ்சினை அணைத்துவிட்டு முதலில் செய்வது சாமான் இறக்குவது அல்ல. திட்டின் ஒரு முனைக்குப் போய், மறுமுனை வரை காலடி எண்ணிக்கொண்டே நடக்கிறார்கள். வழியில் கிடக்கும் பெரிய கற்களை எடுத்து ஓரமாகப் போடுகிறார்கள். எண்ணிக்கை போதாது என்றால் பாதிச் சுமையை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு நடையாக எடுத்துப்போகிறார்கள்.